கோப்பு வட்டில் ஏறுவது எப்போது?

சிவகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினியிலிருந்து பத்திர நகல் ஒன்று பென் டிரைவுக்குப் போகிறது. திரையில் பட்டை ஓடி முடிந்ததும் டிரைவை உருவிவிடுகிறார்கள். வீட்டில் போய்ப் பார்த்தால் கோப்பு திறக்கவில்லை.

பென் டிரைவ் மீது குற்றமில்லை. சேமிக்கச் சொன்னதும் இயங்குதளம் தகவலை முதலில் ரேம் நினைவகத்தில் வைத்துவிட்டு, ‘முடிந்தது’ என்கிறது. காரணம் வேகம். ஹார்டு டிஸ்கின் முள் உரிய இடத்துக்கு நகர்ந்து எழுத ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். ரேம் அதைவிட ஒரு லட்சம் மடங்கு விரைவானது. அதனால் எழுத வேண்டியவற்றைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுகிறது. ஒரே பக்கத்தைப் பத்து முறை திருத்தினாலும் வட்டில் ஒரு முறை எழுதினால் போதும்.

லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இந்த வேலைக்கான பணியாள் நிரல் 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்புகிறது. அதற்குள் கரண்ட் போனால் கடைசி அரை நிமிட வேலை போய்விடலாம். ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதை அழுத்தினால் மிச்சம் முழுவதும் அப்போதே எழுதப்படும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, எழுதும்போதே நின்றுபோவது. புதுக் கோப்பு ஒன்றுக்காக அடைவு, கோப்பு விவரம், காலியிடக் கணக்கு என்று பல இடங்களில் மாற்றம் செய்ய வேண்டும். நடுவில் நின்றால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கடைக்காரர் பேரேட்டில் ஏற்றுமுன் சிட்டையில் குறிப்பதுபோல, 2001இல் லினக்ஸில் சேர்ந்த இஎக்ஸ்டி3 கோப்பமைப்பு, மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதுகிறது. கணினி மீண்டும் எழுந்ததும், முழுமையான பதிவுகளை நிறைவேற்றி, அரைகுறையானவற்றைத் தள்ளிவிடுகிறது. ஆனால் வழக்கமான அமைப்பில் இது காப்பது கோப்பமைப்பின் கட்டுக்கோப்பை மட்டுமே. எழுதாத வரிகளை மீட்டுத் தராது.

பணப் பரிமாற்றத்துக்கு இது போதாது. சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன், ஐபிஎம்மில் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து உருவாக்கி 1992இல் விரிவாக வெளியிட்ட ‘ஏரீஸ்’ முறை தரவுத்தளங்களுக்கு வழிகாட்டியது. பரிமாற்றத்தின் பதிவு வட்டில் உறுதியாக ஏறிய பிறகே ‘முடிந்தது’ என்ற பதில் வரும். கணினி விழுந்து எழுந்தால், நடந்ததைத் திரும்பச் செய்து, முடியாமல் நின்றதை ரத்து செய்யும்.

ஆனால் வட்டே பழுதானால் பதிவேடும் அதோடு போய்விடும். ஆகவே கணினிக்கு ஒரு யுபிஎஸ், முக்கியக் கோப்புகளுக்கு வேறொரு வட்டில் இன்னொரு நகல்: இரண்டும் அவசியம்.