தலைநகர் போனது, கொட்டாரம் நின்றது

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது. 'தர்மராஜா' எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1795 வாக்கில், அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. அன்று சட்டமன்றமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ராஜா முடிவெடுத்தால் போதும்.

சட்டம் 1956இல் வந்தது. மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பத்மநாபபுரத்தின் கொட்டாரம், அதாவது அரண்மனை, நிற்பது கல்குளத்தில். ஆனாலும் அது கேரள அரசின் உடைமையாகவே நீடித்தது. இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். இன்னொரு மாநிலத்து மண்ணில் நிற்பதால் தூதரகம் போலத் தோன்றினாலும் இது தூதரகம் அல்ல. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, தூதரின் சம்மதமின்றி உள்ளூர் போலீஸ் தூதரகத்துக்குள் கால்வைக்க முடியாது. கொட்டாரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. சொத்து கேரளத்தினுடையது, சட்டம் ஒழுங்கு தமிழ்நாட்டினுடையது.

பத்மநாபபுரத்தில் ராஜாவின் சொல்லுக்கே தலைநகர் நகர்ந்தது; சட்டம் இருந்தும் தூதரகம் நெடுநாள் நகராத கதை அமெரிக்காவில் உண்டு. ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகராக ஏற்று, 1999 மே 31க்குள் அங்கே தூதரகம் திறக்க வேண்டும் என்று 1995இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தவறினால் வெளிநாட்டுக் கட்டிடச் செலவில் பாதிக்குக் கத்தரி. கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்திருந்தார்கள்: தேசப் பாதுகாப்பு கருதி ஜனாதிபதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தள்ளிப்போடலாம். கிளிண்டன், புஷ், ஒபாமா மூவரும் தள்ளிப்போட்டார்கள். டிரம்ப்பும் தொடக்கத்தில் அதையே செய்தார். பிறகு 2017 டிசம்பர் 6 அன்று அங்கீகாரத்தை அறிவித்தார். 2018 மே 14 அன்று தூதரகம் திறந்தது.

பத்மநாபபுரத்தில் அரசு போயிற்றே தவிர, நவராத்திரி பழைய ஊரை விடவில்லை. ஆண்டுதோறும் கொட்டாரத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி யானைமேல் ஏறி, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வர, திருவனந்தபுரம் செல்கிறாள். புறப்படுமுன் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கேரளத் தரப்பு குமரி மாவட்டத் திருக்கோயில் அதிகாரியிடம் கொடுக்கும். ஒரு காலத்தில் ஒரே ராஜ்யத்துக்குள் நடந்த ஊர்வலம் இது. இப்போது களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கிறது. இரு மாநிலப் போலீசாரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். விஜயதசமி கழிந்தபின் மூவரும் அதே வழியில் திரும்புகிறார்கள்.