முளைகட்டின கேழ்வரகும் மூணு மாச ப்ராஜெக்டும்!

ஃபைனல் இயர் பயோகெமிஸ்ட்ரியா? ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்காம மண்டை காயுதா? அடுப்படிக்குப் போய்ப் பாருங்க. முளைகட்டின கேழ்வரகு மாவுல கஞ்சி காய்ச்சினா, சாதா மாவுக் கஞ்சியைவிட நீர்த்து இருக்கும். காரணம், முளைக்கும்போது விதைக்குள் பெருகும் அமைலேஸ் என்ற என்சைம். ஸ்டார்ச்சை வெட்டி, குட்டிச் செடிக்குச் சாப்பாடு போடுவது அதன் வேலை. 1833-ல் பிரான்சின் பாயன், பெர்சோ இருவரும் முளைவிட்ட பார்லிச் சாற்றில் ஆல்கஹால் ஊற்றிப் பிரித்தது இந்த வகையறாவைத்தான்!

நீங்களும் பிரிக்கலாம். இரண்டு மூன்று நாள் முளையை, ஐஸில் வைத்துக் குளிர்ந்த பஃபரில் அரையுங்கள். பஃபரில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு இருக்கட்டும். ஆல்ஃபா அமைலேஸ் நிலையா நிற்க கால்சியம் வேணும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் என்சைம் மேலே தெளிவில் இருக்கும். அதில் அமோனியம் சல்ஃபேட் போட்டு மறுபடி சுற்றினால், இப்போ அது அடியில் தங்கும் வண்டலில்! நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். பழக்கதோஷத்தில் வண்டலைக் கழுவி விட்டுடுவாங்க. சோதிக்காம எதையும் சிங்க்ல ஊத்தாதீங்க.

அப்புறம் டயாலிசிஸ், காலம். ஒவ்வொரு படியிலும் புரதத்தையும் என்சைம் வேகத்தையும் அளந்து எழுதுங்க. உதாரணத்துக்கு, ஆரம்பத்தில் 100 மில்லிகிராம் புரதம், 1000 யூனிட். கடைசியில் 2 மில்லிகிராம், 300 யூனிட். ஒரு மில்லிகிராமுக்கு 10 யூனிட்டாக இருந்தது 150 ஆயிடுச்சு. 15 மடங்கு சுத்தம். ஆனா மிஞ்சியது 30 சதவீதம்தான். சுத்தம் கூடக் கூட, கையில் இருப்பது குறையும். பயப்படாதீங்க, அதுதான் இயல்பு.

இன்னொரு பொறி: முளைச்சாற்றிலேயே சர்க்கரை உண்டு. டி.என்.எஸ். போட்டால் என்சைம் வேலை செய்யாமலே நிறம் வரும். அதனால கொதிக்க வைத்த சாற்றையும் கூடவே சோதித்து, அந்த அளவைக் கழிச்சிடுங்க. பிறகு பி.ஹெச்., வெப்பநிலை, ஸ்டார்ச் அளவு என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்க. உங்க என்சைமின் ஜாதகம் ரெடி!

காசு கொடுத்தா பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டே கிடைக்குதேன்னு தோணும். வைவாவில் "70 சதவீதம் எங்கப்பா போச்சு?"ன்னு கேட்டா, ஐஸ்ல கை விறைக்க அரைச்சவங்களுக்குத்தான் பதில் தெரியும். நீங்க எந்தப் பக்கம்?