பாட்டுக்குப் பாட்டும் பக்கவாத நோயாளியும்

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் எங்கள் நரம்பியல் பிரிவில் நாள்தோறும் ஒரு வினாடி வினா நடைபெறுகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்து படுத்திருப்பவரின் கட்டிலைச் சூழ்ந்து நின்று, வருகின்ற உறவினர் ஒவ்வொருவரும், "மாமா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்கின்றனர். விடை வருவதில்லை. "பாவம், எல்லாம் மறந்துபோச்சு" என்று நோயாளியின் காதுபடவே ஒருவர் சொல்வார். அடுத்தவர் முன்வந்து அதே வினாவை இன்னும் உரக்கக் கேட்பார். அன்பினால் நிகழ்வதுதான் இது. ஆயினும், பரிசே இல்லாத, தோல்வி மட்டுமே உள்ள வினாடி வினா இது.

சில ஆண்டுகளுக்கு முன் வள்ளூரிலிருந்து ஒரு பெரியவர் சிகிச்சைக்கு வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கும்பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) எண்ணூர் வட்டாரத்து அனல்மின் நிலையம் ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்றவர். மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் அடைபட்டதால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சும் நின்றது. முதல் வாரத்தில் அவரைக் காண வந்தோர் பலர். அனைவரும் அதே வினாவைக் கேட்டனர். ஐந்தாம் நாள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "அந்தக் காலத்துல சிலோன் ரேடியோன்னா இவருக்கு உயிருங்க டாக்டர். பாட்டுக்குப் பாட்டு வந்தா, அங்க பாடுறவங்களுக்கு முன்னாடி இவரு இங்க பாடிடுவாரு" என்றார். என் தந்தையும் அப்படித்தான். ஆகவே அந்தச் சொற்கள் என் மனத்தில் தங்கின.

வானொலி மேடையின் இலக்கணம்

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. பின்னர் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடல் கடந்து தமிழகத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது. 1967இல் அது கூட்டுத்தாபனமாக மாறிய பின்னரும் நம் மக்களுக்கு அது "சிலோன் ரேடியோ"வாகவே இருந்தது. அதன் தனிச்சிறப்பு, நேயர்களைக் கேட்போராக மட்டும் வைத்திராமல், ஒலிவாங்கியின் முன் நிறுத்திப் பங்கேற்கச் செய்ததாகும். பி. எச். அப்துல் ஹமீது நடத்திய "பாட்டுக்குப் பாட்டு" அவற்றுள் புகழ்பெற்றது. பின்னாளில் அது சன் தொலைக்காட்சிக்கும் வந்தது. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் திரைப்பாடலைக் குறித்த நேரத்துக்குள் பாட வேண்டும் என்பதே விதி. பாடுவோர் தேர்ந்த கலைஞர்கள் அல்லர். அவையில் அமர்ந்திருந்த சாதாரண மனிதர்கள்.

நகைச்சுவைக்கும் அங்கே குறைவில்லை. எஸ். ராம்தாஸ் எழுதிய "கோமாளிகளின் கும்மாளம்" தொடரில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என நால்வர், ஆளுக்கொரு விதமான தமிழ் பேசுவர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுதாக விளங்காது. ஆனாலும் உரையாடல் நிற்காது. அத்தொடர் 1976இல் "கோமாளிகள்" என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இத்தகைய நிகழ்ச்சியை நடத்துபவர் கடைப்பிடிக்கும் சில நெறிகளைக் கவனியுங்கள். முதலில் தம் பெயரைத் தாமே அறிவிப்பார், "நான் யார்?" என்று நேயரைச் சோதிப்பதில்லை. பங்கேற்பவருக்குத் தொடங்குவதற்கு ஓர் எழுத்தைத் தருவார். சற்று நேரம் காத்திருப்பார். தடுமாறினால் கேலி செய்யாமல் கைத்தட்டல் பெற்றுத் தருவார். பேச்சிழந்தவருக்குத் தேவைப்படுவனவும் இவையே.

சொல் எங்கே போயிற்று?

பக்கவாதம் கண்டோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பேச்சிழப்பு ஏற்படுகிறது. மருத்துவத்தில் இதனை "அஃபேசியா" என்போம். பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் உள்ளன. அவை பழுதுறும்போது, மனத்தில் உள்ள பொருளுக்குரிய சொல் வாய்க்கு வருவதில்லை. இது மறதி நோய் அன்று. பெரும்பாலும் அவருக்கு உங்களை நன்றாகத் தெரியும். உங்கள் பெயரைத்தான் எடுக்க முடியவில்லை. "எல்லாம் மறந்துபோச்சு" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, மறுக்கவும் இயலாமல் அவர் படுத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பேச இயலாத சிலர் பாட மட்டும் பாடுவர். இசையைக் கையாள்வதில் மூளையின் வலப்பக்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு. நெடுநாள் பழகிய பாடல், எண்ணுதல், வழிபாட்டுச் சொற்கள் ஆகியவை தாமாகவே வருவன. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு, சொற்றொடரை மெட்டோடு இசைத்து, இடக்கையால் தாளமிட்டுப் பேச்சைப் பழக்கும் முறையொன்றை அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறிஞர்கள் 1973இல் விவரித்தனர். இன்றும் பேச்சுப் பயிற்சியாளர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். எல்லாருக்கும் அது பலன் தருவதில்லை. தருமிடத்தும் மெல்லவே தரும்.

அன்று மாலை அந்தப் பெரியவரின் மனைவி கட்டிலருகே அமர்ந்து, அவருக்குப் பிடித்த பழைய பாடல் ஒன்றை மெதுவாகத் தொடங்கினார். முதலில் அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை பாடியபோது இடக்கை விரல்கள் கட்டில் கம்பியில் தாளமிட்டன. மூன்றாம் முறை, வரியின் இறுதிச் சொற்கள் இரண்டு அவர் வாயிலிருந்து வந்தன. பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். பெரியவர் சிரித்தார்; பின் அழுதார்.

இதனை அற்புதம் என்று எழுத மாட்டேன். மறுநாள் காலை தண்ணீர் கேட்க அவரால் முடியவில்லை; சைகைதான் காட்டினார். ஆனால் சுவர்ப்பக்கம் திரும்புவதை அன்றோடு விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சியில் ஒத்துழைத்தார். மாதங்கள் சில சென்றபின் "தண்ணி", "போதும்", "வா" எனச் சில சொற்கள் வந்தன. மனைவியின் பெயர் அதற்கும் பிறகுதான் வந்தது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். முகம் பார்த்து, சிறு வாக்கியங்களில், இயல்பான குரலில் பேசுங்கள். அவருக்குக் காது கேட்கிறது.

"ஆம்", "இல்லை" என்ற சொற்களைச் சொல்லாமல் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும் என்றொரு மேடை விளையாட்டு உண்டு. நம் நோயாளிக்கோ அவ்விரண்டு சொற்களே பெருந்துணை. ஆகவே தலையசைத்து விடை சொல்லக்கூடிய வினாக்களைக் கேளுங்கள். அல்லது இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதன் பின்னும் சொல் வராவிடில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அவர் விடையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

"கண்ணாடி" என்று சொல்ல எண்ணிச் "செருப்பு" என்று சொன்னால், எதைக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள். அவர் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம். அவர் சிரிக்காதபோது நீங்கள் சிரிக்கலாகாது.

நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பழைய பாடல்களைச் சேர்ந்து பாடுங்கள். களைப்புத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பக்கவாதம் விழுங்கும் தசைகளையும் தளர்த்துவதுண்டு, ஆகவே உணவு வாயில் இருக்கையில் பாடவோ சிரிக்கவோ வைக்காதீர்கள், புரையேறும். பாட்டு, பேச்சுப் பயிற்சிக்கு மாற்றன்று, துணை மட்டுமே. முகம் கோணுதலோ, கைகால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ திடீரெனப் புதிதாகத் தோன்றினால், காலம் தாழ்த்தாமல் 108ஐ அழையுங்கள்.

இன்று மாலை உறவினரைக் காண வரும்போது, வானொலி அறிவிப்பாளரைப் போல உங்கள் பெயரை நீங்களே சொல்லித் தொடங்குங்கள்: "மாமா, நான்தான் உங்க தங்கச்சி பொண்ணு வந்திருக்கேன். பாட்டுப் போடட்டுமா, வேணாமா?" பிறகு காத்திருங்கள்.