ஆலியா: பெயரும் பொருளும்

பெண் குழந்தைகளுக்கு ‘ஆலியா’ என்று பெயர் வைக்க விரும்பும் பெற்றோர் பலர், “இது சினிமாப் பெயராயிற்றே, வைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம்.

இது அரபுப் பெயர். ஐன், லாம், வாவ் என்ற மூல எழுத்துகளிலிருந்து வருவது. ‘உயர்ந்தவள்’ என்று பொருள். அலீ என்ற பெயரும், ‘அல்லாஹு தஆலா’ என்பதில் உள்ள ‘தஆலா’வும் இதே மூலத்தைச் சேர்ந்தவை. திருக்குர்ஆன் சொர்க்கத்தை உயர்ந்தது என வர்ணிக்கும் இடங்களில் இச்சொல் வருகிறது (69:22, 88:10). இவற்றில் இரண்டாவது, ஜும்ஆ தொழுகையில் ஓதுவது சுன்னத்தான அல்காஷியா அத்தியாயத்தில் உள்ளது.

கவனிக்க வேண்டியது எழுத்தைத்தான். தமிழில் ஐனுக்கும் அலிஃபுக்கும் ‘ஆ’ ஒன்றே. ஆலியாவை அலிஃபில் எழுதினால் இன்றைய அரபியில் ‘இயந்திர அமைப்பு’ என்றாகிவிடும். ‘ஆசியா’ என்ற பெயரில் இது இன்னும் முக்கியம். ஃபிர்அவ்னின் மனைவியின் பெயருக்கு அலிஃபும் ஸீனும் வரும். ஐனும் ஸாதும் வந்தால் ‘மாறு செய்பவள்’ என்று பொருள். அப்பெயர் கொண்ட ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் ‘ஜமீலா’ என்று மாற்றிப் பெயரிட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

ஆகவே பெயரை அரபியில் எழுதி இமாமிடம் காட்டி உறுதி செய்யுங்கள். ஆங்கில எழுத்துகளையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். ஆதாரிலும் பள்ளியிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். பிள்ளைக்குப் பின்னாளில் அலைச்சல் மிச்சம்.