‘ஒண்ணுமில்ல, வயசாச்சுல்ல’

"மனசு சரியில்ல" என்று வாய்விட்டுச் சொல்லும் எழுபது வயதுக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? கால் குடையுது, வாய் கசக்குது, தூக்கம் பிடிக்கல, சாப்பாடு இறங்கல... இப்படித்தான் பேச்சு வரும். நாமும் ‘வயசாச்சுல்ல’ என்று விட்டுவிடுவோம். முதியோரின் மனச்சோர்வு பல வீடுகளில் கவனத்துக்கு வராமலே போவது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், தூக்கமின்மை, பசியின்மை, உடல்வலி எல்லாமே மனச்சோர்வின் அறிகுறிகள். மூட்டுத் தேய்மானத்திலும் சர்க்கரை நோயிலும் அதே தொந்தரவுகள் வரலாம். அப்போ எதை வைத்துப் பிரிப்பது?

அமெரிக்க மனநல மருத்துவர் யெசாவேஜும் சகாக்களும் 1980-களின் தொடக்கத்தில் முதியோருக்கென்றே ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 30 கேள்விகள், ஆம்/இல்லை மட்டும்தான் பதில். அதில் தூக்கம், பசி, வலி பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது, வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். எங்கள் தொழிலிலும் கண்டதுக்கெல்லாம் கத்தும் சென்சாரை நம்பி அலாரம் வைக்க மாட்டோம். அதே நியாயம்தான்.

1986-ல் அது 15 கேள்விகளாகச் சுருங்கியது. முன்பு ஆர்வமாகச் செய்ததை விட்டுவிட்டாரா, அடிக்கடி சலிப்பு வருகிறதா, தன்னால் பிரயோஜனமில்லை என்று நினைக்கிறாரா என்ற ரீதியில் போகும். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் டாக்டர் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். நோய் உறுதி என்று அர்த்தமில்லை.

அப்பா அம்மாவிடம் கேள்வித்தாளை நீட்டச் சொல்லவில்லை. மாற்றத்தைக் கவனியுங்கள். பேப்பரை வரி விடாமல் படித்தவர் மடிப்புக் கலையாமல் வைத்துவிடுகிறாரா? வெள்ளிக்கிழமை கோவில் நின்றுபோச்சா? விசேஷ வீடுகளுக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடுகிறாரா? இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். உடல்வலியோடு இந்த மாற்றங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். தைராய்டு, பி12 குறைபாடுகூட இப்படிக் காட்டலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

"நான் எல்லாருக்கும் பாரம்" என்பதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.

முதுமை நடையைத் தளர்த்தும். பேரப்பிள்ளை வந்தால்கூட முகம் மலராமல் போவது முதுமையின் வேலை இல்லை. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, எழுபதிலும் பலன் தரும்.