டி.வி.க்குள்ளே எழுபது வளைவு!

கொல்லிமலைக்கு பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டிவிட்டால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவு வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார்கள். அறுபதாவது வளைவில் ஜன்னலோர சீட்டுக்கு அடிதடியே நடக்கும். செம்மேட்டில் இறங்கிய கையோடு, "வைத்தியரே, தலை சுத்துது, ஏதாச்சும் குடுங்க" என்று என் திண்ணையில் வந்து சாய்கிறவர்களை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

ஆனால் போன வருஷம் ஆடிப் பதினெட்டு சமயத்தில் வந்த கேஸ் வேறு மாதிரி. ஏழு வயசுப் பையன். பஸ் ஏறி வந்து நாலு நாளாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி!

"பலாப்பழம் தின்னுட்டான் சாமி. வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் பையனின் ஆயா.

நாடி பார்த்தேன். காய்ச்சல் இல்லை. வயிறு உப்பவில்லை. நன்றாகத்தான் இருந்தான். "எப்ப கண்ணு வாந்தி வருது?" என்று கேட்டேன். ஆயாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அண்ணனுங்க கார் சண்டை போடறப்ப."

கார் சண்டையா? சாயந்திரம் நானே அந்த வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் பெரிய டி.வி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மூத்த பேரன் லீவுக்கு வரும்போது வீடியோ கேம் பெட்டியையும் கொண்டு வந்திருக்கிறான். நாலு பிள்ளைகள் கையில் நாலு ஜாய்ஸ்டிக். டி.வி. திரை நாலு துண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பொம்மைக் கார். ஒன்று கோடாலியை வீசுகிறது, இன்னொன்று அதன் முதுகில் மோதுகிறது. அடிபட்ட கார் சுக்குநூறாகி, அடுத்த நிமிஷமே புதுசாக வந்து நிற்கிறது. வீடே அதிர்கிற சிரிப்பு!

விளையாட்டின் பெயர் 'செல் டேமேஜ்'. கனடாவின் டொரான்டோவில் இருந்த சூடோ இன்டராக்டிவ் என்ற கம்பெனி தயாரித்து, 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் பெட்டியோடு கூடவே வெளிவந்தது. கையால் வரைந்த கார்ட்டூன் படம் போலவே இருக்கும். அதே மாதம் அதே பெட்டிக்கு வந்த 'ஹேலோ' என்ற விளையாட்டை உலகமே கொண்டாடியதில், இது யார் கண்ணிலும் அதிகம் படாமல் போய்விட்டது. பிறகு 2014இல் பிளேஸ்டேஷனுக்குப் புதுப்பித்து வெளியிட்டார்கள். நாலு பேர் கூடி உட்கார்ந்து ஆட இதைவிட நல்லது கிடையாது என்பது பேரனின் கட்சி. நானும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். ஒன்றரை நிமிஷத்தில் என் கார் நாலு தடவை நொறுங்கியது!

வாந்தியெடுத்த சின்னவன் கையில் ஜாய்ஸ்டிக் இல்லை. அவன் ஐந்தாவது ஆள். டி.வி.க்கு மிக அருகில், தரையில் உட்கார்ந்து நாலு துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

காதும் கண்ணும் போடும் சண்டை

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே ஒரு திரவம். தலை திரும்பினால் அந்தத் திரவம் அசைந்து, "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சேதி சொல்லும். கண்ணும் தன் பங்குக்கு ஒரு சேதி அனுப்பும். இரண்டும் ஒத்துப்போனால் தொந்தரவில்லை.

மலைப் பாதையில் பஸ் வளையும்போது காது, "திரும்புகிறோம்" என்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. மூளை குழம்புகிறது. தலைச்சுற்றல், வியர்வை, எச்சில் ஊறுதல், கடைசியில் வாந்தி.

கார் விளையாட்டில் இது அப்படியே தலைகீழ். கண், "பறக்கிறோம், சுழல்கிறோம்" என்கிறது. காது, "பாயில்தானே உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. சண்டை அதே சண்டைதான். 70 வளைவும் டி.வி.க்குள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான்! இரண்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தொந்தரவு அதிகம்.

இன்னொரு விஷயம். பஸ் ஓட்டுகிற டிரைவர் வாந்தியெடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அபூர்வம். அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். உடம்பு தயாராகிவிடும். பின்சீட்டுக்காரருக்குத் தெரியாது. விளையாட்டிலும் ஓட்டுகிற பிள்ளையைவிட வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்குத்தான் குமட்டல் அதிகம். பாவம், ஆயா பலாப்பழத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்!

சின்னவனுக்கு என்ன கொடுத்தேன்?

முதல் மருந்து, இடமாற்றம். டி.வி.யிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி உட்கார வைத்தேன். அறையில் டியூப் லைட்டைப் போடச் சொன்னேன். இருட்டில் திரை மட்டும் மின்னினால் கண்ணுக்கு நிலையாகப் பிடித்துக்கொள்ள வேறு பொருள் இருக்காது.

இரண்டாவது, அவனுக்கும் முறை வைத்து ஜாய்ஸ்டிக் கொடுக்கச் சொன்னேன். வேடிக்கை பார்க்கும் நேரத்தில் முற்றத்துக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவது, இஞ்சி. தோலைச் சீவி (இஞ்சித் தோல் ஆகாது என்பது எங்கள் மரபு), இடித்துச் சாறெடுத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவதை நீக்கிவிட்டுத் தெளிவை மட்டும் அரை டீஸ்பூன் எடுத்து, சம அளவு தேன் கலந்து கொடுக்கலாம். குமட்டலை அடக்க இஞ்சி உதவும் என்பதை இன்றைய ஆராய்ச்சிகளும் ஒத்துக்கொள்கின்றன. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

தலை சுற்ற ஆரம்பித்துவிட்டால், 'இந்த ஒரு ஆட்டம் மட்டும்' என்று தம் பிடிக்கக் கூடாது. உடனே நிறுத்தி, வெளியே வந்து தூரத்து மலையைப் பார்க்க வேண்டும். பஸ்ஸிலும் இதே வைத்தியம்தான்.

அடக்கக் கூடாத வேகங்கள்

பாளையங்கோட்டை கல்லூரியில் நாங்கள் படித்த பாடங்களில் ஒன்று, பதினான்கு வேகங்கள். உடம்பு தானாகக் கேட்கிற பதினான்கு விஷயங்களை அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் கண்டது. சிறுநீர், மலம், பசி, தாகம், கொட்டாவி, தூக்கம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இப்போது விளையாட்டில் மூழ்கியிருக்கும் உங்கள் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். காலை ஒடுக்கிக்கொண்டு சிறுநீரை அடக்குவான். தண்ணீர் குடிக்க மாட்டான். "சாப்பிட வாடா" என்றால், "அஞ்சு நிமிஷம்மா". பத்து மணிக்கு வருகிற தூக்கத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளுவான். இந்த ஆறும் ஒரே ராத்திரியில் அடங்கிப்போகும்! காலையில் மலச்சிக்கல், கண் எரிச்சல், எரிச்சலான பேச்சு. "கேம் ஆடிக் கெட்டுப் போனான்" என்கிறோம். பாதிக் கேடு கேமால் அல்ல, அடக்கிய வேகங்களால் வருவது.

இது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. 1990இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு கேஸ் வந்தது. 35 வயசுப் பெண்மணி. பிள்ளைக்கு வாங்கிய நின்டெண்டோவைத் தானே எடுத்து ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் ஆடியிருக்கிறார். கட்டைவிரல் தசைநாணில் வலி தாளவில்லை. அந்த டாக்டர் இந்த நோய்க்கு விளையாட்டின் பெயரையே வைத்துவிட்டார்!

கூட்டமாக ஆடுவது ஏன் மேல்?

"அப்படியானால் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடலாமா டாக்டர்?" என்று ஆயா கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில் நான் பார்த்தது நாலு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை. தோற்றவனைக் கேலி செய்தார்கள், அவன் திருப்பிக் கேலி செய்தான். ஆட்டம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்தார்கள். பெரியவர்கள் கண் முன்னே எல்லாம் நடக்கிறது. அதே பிள்ளை போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு ராத்திரி ஒரு மணிவரை ஆடினால் அவனை எழுப்ப ஆளில்லை. ஒரு சாணுக்குள் திரை, வளைந்த கழுத்து, சிமிட்டாத கண். நடுநடுவே காசு கேட்கும் விளையாட்டுகளும் அதில் உண்டு.

ஆகவே அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

1. தோற்றவர் ஜாய்ஸ்டிக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போக வேண்டும். இதுவே இயற்கையான ஓய்வு.

2. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 விநாடி பார்க்க வேண்டும். அப்போது கண்ணை நன்றாகச் சிமிட்ட வேண்டும்.

3. வெயில் இருக்கும்போது வெளியே, விளக்கு வைத்த பிறகு உள்ளே. தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் ஓடியாடுகிற பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லதுதான், வாரம் இரண்டு நாள் கொடுங்கள். ஆனால் போட்ட கண்ணாடியைக் கழற்ற வைக்கிற கீரை எதுவும் கிடையாது. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

4. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரை அணைய வேண்டும்.

5. இரண்டு வயசுக்குக் கீழே திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயசு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில், டி.வி.யில் போக்கிமான் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய ஒரு காட்சி. அதைப் பார்த்த பிள்ளைகளில் சுமார் 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பலருக்கு வலிப்பு. மின்னும் வெளிச்சத்தால் வலிப்பு வரும் இயல்பு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. முதல்முறை வரும்வரை அது வெளியே தெரியாது. வெடிச்சிதறல் நிறைந்த கார் விளையாட்டிலும் இந்த ஆபத்து இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் குழந்தையை என்னிடம் கொண்டு வந்தார்கள். விளையாடும்போது கை வெடுக்கென்று உதறுகிறது, சில விநாடி கண் நிலைகுத்துகிறது. பேய்க் கோளாறு என்று மந்திரித்து, கயிறு கட்டி மூன்று மாசம் ஓட்டியிருந்தார்கள். நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அன்றே நாமக்கல்லுக்கு அனுப்பினேன். மூளை மின் அலைப் பரிசோதனையில் வலிப்பு என்று உறுதியானது. இப்போது மாத்திரையோடு பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள்.

கை உதறல், கண் இமை துடிப்பு, நிலைகுத்திய பார்வை தெரிந்தால் உடனே குழந்தையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, முகத்தைத் திரையிலிருந்து திருப்புங்கள். இரு கண்ணும் ஒன்றாக மின்னலைப் பார்க்கும்போதுதான் ஆபத்து அதிகம். வலிப்பே வந்துவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல்முறை வருகிற வலிப்பானாலும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும் 108க்குப் போன் செய்யுங்கள்.

காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு... இவற்றை எல்லாம் 'கேம் ஆடினதால்தான்' என்று விட்டுவிடாதீர்கள். இஞ்சிச் சாறும் அதற்கு வைத்தியம் அல்ல. டாக்டரிடம் போக வேண்டும்.

விளையாட்டை நிறுத்தவே முடியாமல், படிப்பும் சாப்பாடும் நட்பும் கெட்டு, அது ஒரு வருஷமாகவே தொடர்கிறதா? உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014இல் தனிக் கிளினிக் தொடங்கினார்கள். அடியும் திட்டும் இதற்கு மருந்தாகாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் சின்னவன் கதைக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து ஆயா பலாச்சுளை ஒரு தூக்கு நிறையக் கொண்டு வந்தார். வாந்தி நின்றுவிட்டதாம். "இப்ப அவன்தான் வைத்தியரே பெரியவனுங்க காரையெல்லாம் இடிச்சுத் தள்றான்" என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் ஒரு ஆட்டம் ஆடினாராம். எத்தனை தடவை நொறுங்கினார் என்று கேட்டேன். சொல்லவில்லை!

இந்த லீவில் உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் ஆடும்போது, தூரத்திலிருந்து சத்தம் போடாமல் பக்கத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். யாருக்கு முகம் வெளுக்கிறது, யார் காலை ஒடுக்குகிறார்கள், யாருக்குக் கண் துடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.