பால் குடித்தால் கெண்டைக்கால் இழுக்குமா?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். மணிக்கு 10 கன மீட்டர் உற்பத்தி. குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு மின்சாரம். இந்தச் செய்தியை என்னிடம் சொன்ன துறைமுகத் தொழிலாளியிடம், "அதே வாயு உங்க வயித்துலயும் தயாராகுது" என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல்முறை வந்தபோது அவர் சொன்னது இதுதான்: "டாக்டரய்யா, சாப்பிட்டா வயிறு உப்பிக்கிட்டு கெடக்கு. ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுக்கு." வாயுக் கோளாறுதான் என்று நினைத்து, படுக்கும்போது மஞ்சள், மிளகு போட்டுப் பால் குடிக்கச் சொன்னேன். பத்து நாளில் திரும்பி வந்தார். தினமும் மூன்று முறை வயிற்றுப்போக்கு, இழுப்பும் கூடுதல். தப்பு என்னுடையது. பால் ஒத்துக்கொள்கிறதா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, குழந்தைப் பருவம் தாண்டியதும் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைசல் குடிக்க வைத்து, சில மணி நேரம் விட்டுவிட்டு ஊதச் சொல்வார்கள். பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் செரிமானக் குறை என்று பொருள். 2010-ல் வெளியான ஆய்வில், இந்தச் சோதனையில் பெங்களூர்க்காரர்களில் 79 சதவீதத்தினரும், லக்னோக்காரர்களில் 57 சதவீதத்தினரும் சிக்கினார்கள். தென்னாட்டுக்காரர்களுக்கு இது சகஜம்தான்! (சிலர் குடலில் ஹைட்ரஜன் மீத்தேனாக மாறிவிடும், அவர்களுக்குச் சோதனை ஏமாற்றலாம்.)

அப்படியானால் காலை இழுப்பது ஹைட்ரஜனா? இல்லை. அது சாட்சி மட்டுமே; குற்றவாளி அல்ல. பிரிட்டனில் கார்டிஃப் ஆய்வாளர்கள் 2005-ல், பால் ஒவ்வாதவர்களுக்குத் தலைவலி, தசைவலி, களைப்பும் வருவதாக எழுதினார்கள். குடல் நுண்ணுயிரிகளின் மற்றக் கழிவுகள் காரணமாகலாம் என்பது அவர்கள் ஊகம். அது இன்னும் நிரூபணமாகவில்லை. நம் தொழிலாளியின் விஷயத்தில் நான் வேறு கணக்குப் போட்டேன். வெயிலில் வியர்வை, கூடவே வயிற்றுப்போக்கு. பொட்டாசியமும் மக்னீசியமும் இரண்டு வழியிலும் கரைந்து போகின்றன. உப்பளத்தில் நிற்பவர்களுக்கும் இதே கதைதான்.

இரண்டு வாரம் பாலை நிறுத்தினார். வயிறு அடங்கியது, இழுப்பும் குறைந்தது. அதற்காக நீங்கள் பாலை அடியோடு தள்ளிவிட வேண்டாம். ஒரு தம்ளர் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பலருக்கு அவ்வளவும் தாங்கும். தயிரில் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுகிறது. மோரை நீர்க்கக் குடிக்கச் சொன்ன சித்த மருத்துவ விதியின் அருமை இதில் தெரிகிறது. சீரகம், பெருங்காயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலைக் குறைக்கிறவர்கள் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முள்ளோடு மெல்லும் நெத்திலி சாப்பிடலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இழுப்பு வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, பொட்டாசியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.